பிரிட்டோ அண்ணன் வாங்கிய ஹாம் ரேடியோ

கொல்கத்தாவை அடுத்த சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேகன் பழுதுபார்க்கும் பிரிட்டோ அண்ணன் தூத்துக்குடிக்காரர். வீட்டிலிருந்தே வானலையில் ஊர் ஊராகப் பேச உரிமம் தரும் ஹாம் ரேடியோ தேர்வில் ஒருமுறை தோற்று, மறுமுறை தேறி, தன் அடையாளமாக அரசாங்கம் தந்த அழைப்புக்குறியைக் கதவில் ஒட்டி வைத்திருந்தார். ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தமிழ் ஹாம்கள் ஓர் அலைவரிசையில் கூடுவார்கள். அங்கே தன் பெயரைச் சொல்லி ஒருவரிடமாவது பதில் வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

எந்த செட் வாங்குவது? ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் என்னிடம் வந்தார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது, அதுவும் எலக்ட்ரானிக்ஸ். கேட்டால் சும்மா இருப்பேனா?

"கையடக்க செட்டு ஹௌராவே தாண்டாதுண்ணே. பழசா இருந்தாலும் பெரிய செட்டா வாங்குங்க."

கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் மூன்று தலைமுறையாக இருக்கும் வெங்கடநாராயணன், புதியது வாங்கிவிட்டதால் தன் பழைய செட்டை விற்பதாகத் தெரிந்து போனோம். அவர் குமிழைத் திருகியதும் மதுரைக்காரர் ஒருவர் பக்கத்து அறையில் இருப்பதுபோலப் பேசினார். அண்ணன் அங்கேயே முடிவு செய்துவிட்டார். நானும் தலையாட்டினேன்.

ஞாயிறு காலை ரயில்வே குவார்ட்டர்ஸ் மாடியில் ஏரியல் கம்பி கட்டி செட்டைப் போட்டோம். 'கர்ர்ர்' என்று ஒரே இரைச்சல். சரக்கு வண்டி நகர்ந்தால் இன்னும் பலமாக. ஜன்னலுக்கு நேரெதிரே ரயில் மின்கம்பிகள்! இரைச்சல் அங்கிருந்துதான். செட்டைப் பற்றி அத்தனை படித்த நான், அதை எங்கே வைக்கப்போகிறோம் என்று யோசிக்கவே இல்லை.

"யார்டுல கேக்குறது பத்தாதுன்னு இங்கயும் இன்ஜின் சத்தமா?" என்றார் அவர் மனைவி ஸ்னேகா அக்கா.

அண்ணன் என்னை முறைத்தார். "படிச்ச பயலாச்சேன்னு ஒன்னைக் கேட்டேன் பாரு, என்னையச் சொல்லணும்ல."

ஆனாலும் மைக்கை எடுத்து அழைப்புக்குறியை மூன்று முறை சொன்னார். இரைச்சல்தான். மறுபடியும் சொன்னார். செல்போன் அடித்தது. வெங்கடநாராயணன்.

"அச்சா, பிரிட்டோ, உங்க குரல் ஸ்பஷ்டமா வரது. மூணு பேர் பதில் சொல்லிண்டிருக்கா. நீங்க ஏன் ஒண்ணும் பேசமாட்டேங்கறேள்?"

அண்ணன் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு மறு காதை ஸ்பீக்கரில் ஒட்டிப் பார்த்தார். ஒரு சொல்லும் தேறவில்லை.

"இவரு பேசுறது ஊருக்கே கேக்கும், தம்பி. மத்தவங்க பேசுறதுதான் இவருக்குக் கேக்காது. வீட்லயும் இதே கததான்," என்றார் அக்கா.

அண்ணன் சிரிக்கவில்லை. "யாரு சார் பதில் சொன்னா? பேரையாவது கேட்டுச் சொல்லுங்க," என்று போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.