முனி கடித்த காது

பட்டணத்துக் கல்மண்டபத்தில், விறகு விற்கும் தொட்டிகளில் ரொம்ப நாளாக ஒரு பேச்சு உண்டு. எண்ணூர் உப்பங்கழியில், மீனவர் குப்பத்துக்கு எதிர்க்கரையில், சேற்றில் வேரூன்றி நிற்கும் கண்டல் மரக்காட்டில் ஒரு முனி குடியிருக்கிறதாம். ஜெர்மன் சண்டைக் காலத்தில் மரம் வெட்டப் போன மேஸ்திரி ராசையாவை அது தென்னை உயரத்துக்குத் தூக்கி, காதைக் கடித்துத் தின்றுவிட்டுத்தான் கீழே போட்டதாம். அதனால்தான் இன்றுவரை அந்தப் பக்கம் எவனும் கோடாலி எடுத்துப் போவதில்லையாம்.

தூக்கியதும் பொய், தென்னை உயரமும் பொய். காது போனது மட்டும் நிஜம். போன விதத்தைச் சொல்ல வேண்டுமானால் கன்னியம்மாவின் தாடையிலிருந்து தொடங்க வேண்டும்.

கன்னியம்மா கழியில் கையால் இறால் பிடிப்பவள். தண்ணீர் வற்றும் நேரத்தில் இறங்கி, கண்டல் வேருக்கடியில் இரண்டு கையையும் விட்டுத் துழாவ வேண்டும். பிடித்ததைப் போட ஓலைப் பறி. கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பறியின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொள்வதுதான் அங்கே வழக்கம். பாவாடை கட்டின வயசிலிருந்து கவ்விக் கவ்வி, அவள் தாடை கொல்லன் பட்டறைக் குறடு மாதிரி ஆகிவிட்டது. தேங்காய் மட்டையைப் பல்லாலேயே உரிப்பாள். புருஷன் வேம்பு அவளோடு சண்டை போட்டால், கைக்கு எட்டாத தூரத்தைப் பார்ப்பதில்லை. வாய்க்கு எட்டாத தூரம் பார்த்து நிற்பான். எம்டன் கப்பல் குண்டு போட்ட மறுநாள் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோதும் அவள் பறியைக் கவ்விக்கொண்டு கழியில்தான் நின்றாள்.

சண்டையால் நிலக்கரிக்குத் தட்டுப்பாடு வந்து விறகு விலை ஏறியது. ஒரு கண்டிராக்டர் கழிக்கரைக் கண்டலைப் பார்த்துச் சப்புக்கொட்டினான். அவனுடைய மேஸ்திரிதான் ராசையா. புளியந்தோப்பிலிருந்து கூலியாட்களைக் கூட்டிவந்து, குப்பத்தை ஒட்டிய கரையை ஒரே மூச்சில் மொட்டையடித்தான். கால்வாயில் படகு படகாக மரம் போயிற்று. மரம் போன இடத்தில் சேறு வெயிலில் வெந்து நாறியது. இறங்கிய பெண்கள் வெறும் பறியைக் கவ்விக்கொண்டு கரையேறினார்கள். வேர் இல்லாத இடத்தில் இறால் எதை நம்பி உட்காரும்? மீதி நின்றது எதிர்க்கரைக் காடு ஒன்றுதான். அதுவும் போனால் குப்பத்தில் உலை வைக்க வழியில்லை.

வேம்பு நியாயம் பேசப் போனான். ராசையா கோடாலிக் காம்பால் பதில் பேசினான். முழுப் பல்லோடு போனவன் முன்வரிசை காலியாகத் திரும்பினான். கூடப் போனவர்களின் வலைகளைக் கரையிலேயே குவித்துக் கொளுத்தினார்கள். தடுத்த ஒருவனைத் துடுப்பால் முழங்காலில் அடித்தார்கள்; அவன் அதற்கப்புறம் நேராக நடந்ததே இல்லை. மறுநாளிலிருந்து குப்பத்து ஆம்பளைகள் விடியுமுன்பே கடலுக்குப் போய்விட்டார்கள். அந்த வருஷம் போல மீன் எந்த வருஷமும் கிடைத்ததில்லை என்று பெண்கள் பின்னால் சொல்லிச் சிரிப்பார்கள்.

கன்னியம்மா எதிர்க்கரைக்குப் போனாள். சண்டைக்கு இல்லை, வேலைக்கு. வெட்டக் குறித்திருந்த மரத்தடியில் முழங்கால் தண்ணீரில் மண்டியிட்டு, பறியைக் கவ்விக்கொண்டு துழாவத் தொடங்கினாள். கோடாலி விழுந்தால் மரத்தோடு அவள் தலையிலும் விழும். கூலியாட்கள் தயங்கினார்கள். ராசையா அவர்களைப் படகுப் பக்கம் விரட்டிவிட்டுத் தனியாகச் சேற்றில் இறங்கினான்.

முதலில் முதுகில் ஓர் உதை. அவள் நகரவில்லை. முடியைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்தினான். குமிழி மேலே வந்தது, அவள் எழுந்து ஓடவில்லை. தூக்கிப் பார்த்தால் பறி இன்னும் பல்லிலேயே இருந்தது. ஆத்திரத்தில் வேரடியில் கிடந்த அவள் மணிக்கட்டு இரண்டின்மேலும் ஏறி நின்றான். சேற்றிலிருந்து ஆணி ஆணியாகக் கிளம்பும் கண்டல் வேர் உள்ளங்கையில் இறங்கியது. தண்ணீர் சிவந்தது.

அதோடு விட்டிருந்தால் ராசையா இரண்டு காதோடு செத்திருப்பான். ஜெயித்தவனுக்கு வாய் சும்மா இருக்காதே. குனிந்து அவள் முகத்தோரம் சொன்னான்:

"ஒம் புருசன் பல்லு ரெண்டு என் ஜோபில கீதுமே. வோணுமா?"

கன்னியம்மா வாயைத் திறந்தாள். பறி விழுந்தது, இறாலெல்லாம் தண்ணீரோடு போயிற்று. திறந்த வாய் மூடியபோது நடுவில் ராசையாவின் இடது காது இருந்தது.

நண்டுக் காலை உடைக்கிற சத்தம் கேட்டது. அவன் அவள் மண்டையில் குத்தினான், கன்னத்தில் குத்தினான், கண்ணில் கட்டைவிரலை விட்டு அழுத்தினான். தாடை இளகவில்லை. கடைசியில் அவனே தலையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான். தலை வந்தது. காது வரவில்லை.

ரத்தம் ஒழுகப் படகுக்கு ஓடியவனை ஆட்கள் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். பொம்பளை கடித்தாள் என்று எந்த மேஸ்திரி சொல்வான்? அவள் அப்போதே ஓடிவிட்டாள், அதற்கப்புறம் மரத்துமேலிருந்து முனி இறங்கிற்று என்றான். சாயங்காலத்துக்குள் அது கல்மண்டபம் போய்ச் சேர்ந்து, தென்னை உயரத்துக்கு வளர்ந்தும் விட்டது. கூலியாட்கள் அந்தக் காட்டில் கோடாலி எடுக்க மறுத்துவிட்டார்கள்.

குப்பத்துப் பெண்கள் எதிர்க்கரையில் கற்பூரம் ஏற்றினார்கள். ஒரு கண் வீங்கி மூடிய கன்னியம்மாவுக்கும் பிரசாதம் கொடுத்தார்கள், அவளும் வாங்கித் தின்றாள். நிஜம் தெரிந்தவன் வேம்பு மட்டும்.

"வாயத் தொறக்காத" என்றான் அவன், பல் இல்லாத வாயில் காற்று வீச. "முனி மேல பழி கீது, அப்டியே இருக்கட்டும். நீன்னு தெர்ஞ்சா ஜெயிலு."

ஆனால் முனியிடம் ஒரு சௌகரியம் உண்டு. பேரம் பேசலாம். ஆடி மாதத்தில் கண்டிராக்டர் பட்டப்பகலில் பூசாரியோடு வந்து இறங்கினான். கறுப்புச் சேவலின் கழுத்தைத் திருகி ரத்தத்தைக் கண்டல் வேரில் விட்டார்கள். சாராயம் கொஞ்சம் மரத்துக்கு, மிச்சம் பூசாரிக்கு. பூசாரிக்கு அருள் வந்தது. வெட்டிக்கொள்ள உத்தரவு கொடுத்தாயிற்று என்று முனி அவர் வாயால் கர்ஜித்தது. கூலியாட்கள் பயம் தெளிந்து கோடாலியை எடுத்தார்கள். இரண்டு காதுப் பக்கமும் மறையத் தலைப்பா கட்டிய ராசையா முன்னால் நின்றான்.

வேடிக்கை பார்க்க வந்த குப்பத்தாரோடு நின்ற கன்னியம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. காட்டைக் காத்த முனியே காட்டை விற்றுவிட்டது. வேம்பு முந்தானையைப் பிடித்தான். உதறிக்கொண்டு பூசாரி முன்னால் போய்க் கைகூப்பினாள்.

"முனி நைனா, நீ கட்ச்சது எந்தக் காது?"

பூசாரி ஆடிக்கொண்டே தலைப்பாவைப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மூடியிருந்தது. வலது என்றார்.

கூலியாட்களுக்கு எந்தக் காது என்று தெரியும். ஒருவன் களுக்கென்று சிரித்தான். அது எல்லோருக்கும் தொற்றியது. ராசையா கோடாலிக் காம்பை ஓங்கி அவள் வாயிலேயே வீசினான். கன்னியம்மா சேற்றில் விழுந்தாள். ஒரு பல் தெறித்துப் போயிற்று. சிரிப்பு நின்றது. அவள் கையூன்றி எழுந்து, ரத்தத்தைத் துப்பிவிட்டுப் பேசினாள். பேசி முடித்ததும் ஆட்கள் கோடாலிகளைப் படகில் போட்டார்கள். கண்டிராக்டர் கூலியை ஏற்றிச் சொல்லியும் எடுக்கவில்லை. போலீசுக்குப் போக ராசையாவுக்கும் வாய் வரவில்லை. போனால் பொம்பளை கடித்தாள் என்றல்லவா பிராது எழுத வேண்டும். விறகுத் தொட்டிகளில் மட்டும், வெட்கத்துக்கு, அவனும் ஆட்களும் முனியையே சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அன்று அவள் சொன்னது இவ்வளவுதான்:

"முனி இல்ல, நான்தான் கட்ச்சேன். எடது காது. துன்னல, துப்பிட்டேன், நண்டு துன்னுச்சு. முனின்னா சேவல வாங்கிக்கினு பூடும். நான் போ மாட்டேன். மரத்துல மொதல்ல எவன் கைய வெக்கிறானோ வரட்டும். அவனுக்கும் ரெண்டு காது கீது இல்ல?"