லாக்கர் அடித்த அட்டைப்படங்கள்

ஒரு சனிக்கிழமை மதியம், ஷெட்டில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, அக்கா சேர்த்து வைத்திருந்த வார இதழ் அட்டைப்படங்களை ஒவ்வொன்றாகக் கம்பியில் மாட்டி லாக்கர் அடித்தேன். ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை ஒன்றில் ஃபினிஷிங் பிரிவில் எனக்கு அதுதான் வேலை. பதனிட்ட தோலின் மேல் பளபளப்புக்கும் காப்புக்கும் கடைசியாக அடிக்கும் மருந்து அது. தோலையே காப்பாற்றுகிறது, காகிதத்தைக் காப்பாற்றாதா என்று யோசித்த மகா புத்திசாலி நான். காய்ந்ததும், அவள் அடுக்கியிருந்த வரிசை கலையாமல் தகரப்பெட்டியில் வைத்தேன்.

அக்கா வேலூரில் நர்ஸ். விடுதியில் மற்றப் பெண்கள் வார இதழ்களின் தொடர்கதையைக் கிழித்து பைண்டு செய்துகொள்வார்கள். யாருக்கும் வேண்டாத அட்டையை இவள் கேட்டு வாங்கிக்கொள்வாள். ஓவியர் வரைந்ததாக இருக்க வேண்டும். போட்டோ அட்டை என்றால் தொடமாட்டாள். "போட்டோல இருக்கறவ நம்மளயே பாக்கறாடா. படத்துல இருக்கறவ அவ வேலைய பாக்கறா" என்பாள். எழுபதுகளின் கடைசியில் குவைத்துக்கு வேலைக்குப் போனபோது அறுபத்திரண்டு அட்டைகளையும் என்னிடம்தான் விட்டுச் சென்றாள். "பூச்சி அரிக்காம பாத்துக்கடா" என்றாள்.

பூச்சி அரிக்கவில்லை. அடுத்த கோடையில் திறந்தபோது எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, மஞ்சளாகி, ஒரே பலகையாக இருந்தன. மேலே இருந்ததைப் பிரிக்கப் பார்த்தேன். ஒரு பெண்ணின் பாதி முகம் நகத்தோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடிதத்துக்குக் கடிதம் படங்களை விசாரிப்பாள். "அப்படியே இருக்கு" என்று எழுதுவேன். ஞாயிறு தவறாமல் வேலூர் லாங் பஜாரில் பழைய பேப்பர் கடையில் குந்திக் கட்டுக்கட்டாகப் புரட்டினேன். கலவை என்ற ஊரில் ஒரு சலூனில் முடி வெட்டிக்கொள்ளாமலே, அங்கே கிடந்த பழைய இதழ்களைப் புரட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். "வெறும் அட்டைக்கா இம்மாம் பேஜார்? உள்ள கத நல்லா இருக்கும் சார்" என்பார் பேப்பர் கடைக்காரர். ஐந்து வருடத்தில், நினைவில் இருந்த அதே படங்களில் நாற்பத்தொன்று தேறின.

அதன் பிறகுதான் அக்கா முதல்முறையாக விடுப்பில் வந்தாள். அவளுடையதுதான் என்பதுபோல் நாற்பத்தொன்றையும் கட்டாக நீட்டினேன். நாலைந்து புரட்டினாள்.

"இதுல லைப்ரரி சீல் இருக்குது. இதுல தலைக்கு வெக்கற எண்ண. என்னுது எங்கடா?"

பலகையை எடுத்து வந்து வைத்தேன். லாக்கர் அடித்ததைச் சொன்னேன். திட்டுவாள், அறைவாள் என்று நின்றேன். அறைந்திருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும். அவள் அதை மடியில் வைத்து, ஓரத்தில் விரலை ஓட்டினாள்.

"இந்தப் பாதி மூஞ்சிக்காரிக்கு அடியில கோலம் போடறவ. அதுக்கடியில பஸ்ஸ உட்டுட்டு ஓடறவரு. அப்புறம் மாம்பழம் விக்கறவ..."

ஒன்றுவிடாமல் அடிவரை சொன்னாள். குவைத்துக்குத் திரும்பும்போது பெட்டியிலிருந்து இரண்டு புடவையை வெளியே எடுத்துவிட்டு அந்தப் பலகையை வைத்துக்கொண்டாள். நான் சேர்த்த கட்டை எடுக்கவில்லை. "அது நீ தேடனது, நீயே வெச்சிக்க" என்றாள்.

எனக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. இன்னும் ஞாயிற்றுக்கிழமையானால் கால் தானாகப் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. அதே இருபத்தொன்று பாக்கி. அவள் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டாள். கேட்டுத் தொலைத்திருந்தால் நான் என்றைக்கோ நிறுத்தியிருப்பேன்.