வாடிய விதைகள்

எனக்கு சிப்காட்டில் ஒரு லேபில் வேலை. வாரத்தில் ஒருநாள்தான் லீவு. அந்த ஒரு நாளில் ஒரு காட்டையே நட்டுவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, கழிமுகத்தை ஒட்டியது அம்மாவின் ஊர். அங்கே உப்புப் பூத்துக் கிடந்த பொட்டலில் சதுப்பு மரமான சுரபுன்னையை வளர்க்க ஊர்ப் பெண்கள் சிலர் இறங்கியிருந்தார்கள். கடல் ஓதம் ஏறி இறங்க வாய்க்கால் வெட்டியதும் அவர்களே. ஊர்க்கூட்டம் ஒரு வருஷம்தான் கெடு கொடுத்திருந்தது. அதற்குள் பச்சை பிடிக்காவிட்டால் இடம் இறால் குட்டைக்குப் போய்விடும்.

அந்த ஞாயிறு நண்பர்கள் நாலு பேரோடு முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். பெண்கள் இறால் பிடித்துவிட்டு இன்னும் திரும்பவில்லை. கொட்டகை நிழலில், முருங்கைக்காய் போல நீண்ட விதைகள் இரண்டு குவியலாக இருந்தன. ஒன்று பளபளவென்று பச்சை, இன்னொன்று வாடிச் சுருங்கியது. வாடியதை ஆற்றில் கொட்டிவிட்டு, பச்சையைக் கயிறு பிடித்து வரிசையாக நட்டோம். போட்டோவும் எடுத்தாயிற்று.

குழுவை நடத்தும் அக்கா வந்து சுற்றிலும் பார்த்தார்.

“வாடுனது எங்க?”

“அது வேஸ்ட்டுக்கா. தூக்கிப் போட்டுட்டேன்.”

“வேஸ்ட்டா? வேணும்னேதான் பத்து நாளா நிழல்ல போட்டு வெச்சிருந்தோம், லேப் சாரே! பச்சையா நட்டா நண்டு உடுமா? இன்னிக்கு நண்டு ஊட்ல கல்யாணச் சாப்பாடுதான் போ.”

நானும் சிரித்தேன், நம்பாமல். அடுத்த வாரம் போனபோது, சேற்றோடு ஒட்டிய இடத்தில் சுற்றிலும் கொறிக்கப்பட்டு, எல்லாம் வரிசையாகவே சாய்ந்து கிடந்தன. கழிமுகத்து மரங்களிலும் அந்தப் பருவத்து விதை முடிந்திருந்தது.

ஊர்க்கூட்டத்தில் தலைமை என் மாமா. “பொம்பளைங்க பாடுபட்டது இவ்ளோதான். குட்டைக்கு உட்றலாமா?” என்றார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. கை நீட்டிக் காட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எழுந்தேன். “மாமா, நட்டது நானு. அவுங்க பதப்படுத்தி வெச்சிருந்த விதையக் கொட்டுனதும் நான்தான். அவுங்க மேல பழி போடாதீங்க.”

பின்னாலிருந்து ஒரு குரல்: “படிச்ச புள்ளல்ல, நண்டுக்குக்கூட சோறு போடுது!”

சிரிப்பு அடங்கக் கொஞ்சம் நேரமாயிற்று. மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “சரி, இன்னொரு விதைப் பருவம் பாப்போம். ஆனா இவன் கை விதை மேல படக்கூடாது.”

அன்றிலிருந்து லீவு நாளில் வாய்க்காலில் சேறு அள்ளுகிறேன். அள்ள அள்ள ஓதம் கொண்டுவந்து போடுகிறது. என் அவசரத்துக்கு அது நல்ல வேலைதான்.

விதைப் பருவம் மறுபடி வந்தது. என் லீவன்று போனபோது விதைகள் நிழலில் கிடந்தன, இன்னும் முழுசாக வாடவில்லை. எப்போது நடுவார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்காமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை நட்டார்களாம். அன்று நான் லேபில் இருந்தேன்.