கூடத்து உத்தரம்

செங்கல்பட்டில் என் கணவரின் கொள்ளுத்தாத்தா கட்டிய மாடி வீட்டில்தான் குடியிருக்கிறோம். கூடத்தின் கூரையைத் தாங்கும் தேக்கு உத்தரத்தில் ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் வெள்ளையடிக்க வந்தவர், "எப்ப வேணா எறங்கிடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மாடியில் பிள்ளைகள் ஓடினாலே கீழிருந்து சத்தம் போட்டு நிறுத்துவேன். கணவரிடம் சொன்னால், "நூறு வருஷமா நிக்கிற வூடு" என்பார். கல்பாக்கத்துக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

இந்த வருஷம், வெள்ளைக்காரன் காலத்துக் கதை ஒன்றைப் படம்பிடிக்க எங்கள் வீட்டைக் கேட்டு வந்தார்கள். கணவர் சரி என்றுவிட்டார். முதல் நாள் காலை மின்விசிறிகளைக் கழற்றினார்கள், ஸ்விட்ச் போர்டுகளைப் பலகையால் மறைத்தார்கள். நானும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது படக்குழுவின் மேனேஜர், "மேல கல்யாண சீன் மேடம். அம்பது பேர் நிப்பாங்க" என்றார்.

வெடிப்பைப் பற்றிச் சொன்னால் படப்பிடிப்பே நின்றுபோகலாம், கணவருக்குக் கோபம் வரலாம். ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"அத்தனை பேரை ஏத்தாதீங்க சார். கீழ உத்தரம் வெடிச்சிருக்கு."

மேனேஜரின் முகம் மாறியது. செட் போட வந்திருந்த தச்சரைக் கூப்பிட்டார். புதுப்பட்டினத்துக்காரர், தலை முழுக்க நரைத்தவர். ஏணியில் ஏறி உத்தரத்தை நெடுகத் தட்டிப் பார்த்தார். மெல்லிய கம்பி ஒன்றை வெடிப்புக்குள் விட்டார். நகக்கண் அளவுக்குமேல் உள்ளே போகவில்லை. சுவரில் உட்காரும் இரண்டு முனைகளையும் சுரண்டினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாமா, இதுக்கா பயந்துகினு இருந்தீங்க?" என்றார். "மரம் காயறப்போ வுட்ட வெடிப்பு இது. மேலாக்கதான் கீது. உள்ள கல்லு மாரி கீது. கரையானும் இல்ல."

"நெஜமாவா அண்ணே?"

"நானே மேல போய் குதிக்கிறேன், பாருங்க."

போய்க் குதித்தார். கூடத்தில் துளிச் சுண்ணாம்புகூட உதிரவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மேனேஜர் மட்டும் எதற்கு வம்பு என்று முப்பது பேரோடு நிறுத்திக்கொண்டார். மாடியில் ஒரே கல்யாணம் நாலு தடவை நடந்தது. அத்தனை மேளச் சத்தத்திலும் நான் கீழே அறையில் தூங்கிவிட்டேன். சாப்பாட்டுக்குக் கதவைத் தட்டி எழுப்பினார்கள்.

சாயங்காலம் கணவருக்குத் தோசை வார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"நானும் உள்ளுக்குள்ள பயந்துகினுதான் இருந்தேன்" என்றார்.

ஆறு வருஷமாக இதைச் சொல்லாத மனுஷனைத் திட்ட வேண்டும்போல் இருந்தது. திட்டவில்லை. தட்டில் இன்னொரு தோசையை வைத்தேன்.