பிரேக்பாஸ்டுக்குப் பிறகு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இராயப்பன் என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று விளங்காது. முட்டைக் கோக்கி என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கைகாட்டும். துரை பங்களாவில் சமைக்கிறவரைக் கோக்கி என்பது நோர்வூட் பக்கத்து வழக்கம். ஒரே காலைச் சாப்பாட்டில் ஒரு தகரம் முட்டையையும் உடைத்துத் தீர்த்தவர் என்று காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக் களத்தில் அவரைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பழமொழி வேறு. எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அவரை அரள வைத்தது யார் என்று ஒருவராவது கேட்டார்களா? தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அவருக்கு அடுத்த காம்பராவில் குடியிருந்தவன் நான். நடந்ததை அவர் வாயாலேயே கேட்டவன்.

இராயப்பன் ஒல்லியான மனிதர். வேதக்காரர். பங்களாக் குசினியில் கடிகாரம் இருந்தும் அதை அவர் நம்பியதில்லை. முட்டையை அரைவேக்காடாக அவிக்க அவருக்குக் கணக்கு ஜெபமாலைதான். தண்ணீர் கொதித்ததும் முட்டையை இறக்கிவிட்டு, மாதாவை வேண்டும் பிரியதத்த மந்திரத்தைத் தொடங்குவார். ஒரு பத்து மணி உருட்டி, அதற்கு மேலே கொஞ்சம் சொன்னால் வெள்ளை இறுகியிருக்கும், மஞ்சள் ஓடும். மாதா எங்களுக்கு எதை எதையோ செய்யாமல் விட்டிருக்கலாம், அவருடைய முட்டையை மட்டும் ஒருநாளும் கைவிட்டதில்லை.

பத்துச்சீட்டு என்றால் என்னவென்று வெளியாட்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். வேலையை நிறுத்தி, பெயரை வெட்டி, துரை கையில் கொடுக்கும் துண்டு அது. பெயர் போனால் லயத்துக் காம்பராவும் போகும். புருஷன் பெயரை வெட்டினால் பெண்சாதியும் சேர்ந்து வெளியேற வேண்டியதுதான். நாற்பத்தெட்டில் வந்த சட்டம் எங்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத சனமாக்கிய பிறகு, தோட்டம் தள்ளிவிட்டால் நிற்பதற்கு ஒரு சாண் இடம் கிடையாது. இராயப்பனுக்கு முன்னால் பங்களாவில் இருந்த மூக்கன், துரையை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதற்குப் பத்துச்சீட்டு வாங்கினார். அவர் மனைவி பேச்சியம்மா சட்டிபானையோடு ரோட்டோரத்தில் மழையில் குந்தியிருந்ததை லயமே பார்த்தது. ஒருவரும் உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நம் பெயரும் போகும் என்ற பயம். அவர்கள் கினிகத்தேனைப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். பிறகு என்ன ஆனார்களோ.

ஐம்பத்திரண்டாம் வருஷம் துரையும் துரைசாணியும் மீன் பிடிக்க மேலே, மலையுச்சியில் இருக்கிற சமவெளிக்குப் போனார்கள். கூடாரம் அடித்துச் சில நாள் தங்குவதாக ஏற்பாடு. சமைக்க இராயப்பன். அவர் மனைவி இசபெல் அப்போது நிறைமாதம். காம்பராவில் இருந்த ஒரே கம்பளியை அவளுக்குப் போர்த்திவிட்டு, ஒரு சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார். பட்டிப்பொலயில் ரயிலை விட்டு இறங்கி, சாமான் தூக்கிய ஆட்கள் கூடாரத்தை அடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். அத்தனை பெரிய வெளியில் மிஞ்சியது மூன்றே பேர்.

முதல் நாள் காலையிலேயே வினை தொடங்கியது. கூடாரத்தில் லேசாக முட்டையும் பாண் ரொட்டியும் போதும் என்று துரைசாணி சொல்லியிருந்தாள். இராயப்பன், உடையாமலிருக்க உமி நிரப்பிய தகரத்திலிருந்து முட்டையை எடுத்து வழக்கம்போல மந்திரம் சொல்லி அவித்தார். துரை கரண்டியால் தட்டித் திறந்தார். வெள்ளை தண்ணீராக வழிந்தது.

"கோக்கி! என்னா இது? முட்டை பச்சை!"

மலை ஏற ஏறத் தண்ணீர் போதிய சூடு ஏறும் முன்னே கொதித்துவிடும் என்பது பிற்பாடு எனக்கு ஒரு வாத்தியார் சொல்லித் தெரியும். இராயப்பனுக்கு அன்றைக்கு என்ன தெரியும்? மாதாவே கைவிட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தார். துரை முட்டையைக் கிண்ணத்தோடு புல்லில் எறிந்துவிட்டுத் தூண்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று முழுவதும் இராயப்பனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் விடியும்போது புல்லெல்லாம் உறைபனி. இராயப்பன் சாக்கைத் தலையோடு போர்த்திக்கொண்டு, பல் கிட்டிக்க, நனைந்த விறகை ஊதிக்கொண்டிருந்தார். துரைசாணி கூடாரத்துத் துணியை விலக்கி வெளியே பார்த்தாள். அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு உள்ளே தலையை இழுத்துக்கொண்டாள். பிறகு அவளுடைய குரல் கேட்டது. இராயப்பனுக்குக் குசினி இங்கிலீசு மட்டும்தான் தெரியும். அதில் அகப்பட்டது இவ்வளவு:

"புவர் ராயப்பன்… கிவ் ஹிம்… பத்துச்சீட்டு…"

"யெஸ், யெஸ்," என்றார் துரை. "ஆஃப்டர் பிரேக்பாஸ்ட்."

புவர் என்றால் பாவம் என்று அவருக்குத் தெரியும். தலை போகப் போகிறவனைத்தானே பாவம் என்பார்கள்? கிவ் என்றால் கொடு. ஆஃப்டர் பிரேக்பாஸ்ட் என்பது அவர் தினமும் கேட்கிற வார்த்தை. முந்தின இரவு சிறுத்தை உறுமியபோதுகூட அவர் இப்படிப் பயப்படவில்லை. சிறுத்தை வந்தால் அவரோடு போகும். இது இசபெல்லையும் வயிற்றுப் பிள்ளையையும் சேர்த்து ரோட்டில் வைக்கும்.

தண்ணீர் கொதித்தது. முட்டையை இறக்கினார். மந்திரத்தைத் தொடங்கி, "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்" என்ற இடத்துக்கு வந்ததும் மேலே போக முடியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். எத்தனையாவது மணி என்று மறந்துபோயிற்று. முட்டை கல்லாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. பிரேக்பாஸ்டுக்குப் பிறகுதானே சீட்டு? பிரேக்பாஸ்ட் முடியாவிட்டால்?

கல்லான முட்டையை வட்டமாக அரிந்து, பட்டர் தடவிய பாணில் அடுக்கி, மிளகுத்தூள் தூவிக் கொண்டுபோய் வைத்தார். துரை தின்றார். தட்டு காலியாகும் முன்னே தாச்சிச் சட்டியைப் போட்டு, வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும் அரிந்து ஆம்லெட் ஊற்றினார். அதையும் தின்றார்கள். மலைக்குளிர் பசி. துரைசாணி, "வெரி நைஸ், கோக்கி," என்றாள். கழுத்தில் கயிற்றைப் போட்டுவிட்டு முதுகைத் தட்டிக்கொடுப்பதாக அவருக்குப் பட்டது. அடுத்து ஆளுக்கு இரண்டு புல்ஸ்ஐ. ஒன்றின் மஞ்சள் உடைந்தது. மடித்துப் பாணுக்குள் மறைத்தார். துரை நாப்கினால் வாயைத் துடைக்கப் போனார். இராயப்பன் ஓடினார்.

"இருங்க தொரை, இன்னொண்ணு வருது!"

முட்டையில் பாலை ஊற்றிக் கலக்கி ரம்பிள்டம்பிள் கிண்டினார். புகை கண்ணைக் கரித்ததா, அழுதாரா என்று அவருக்கே தெரியவில்லை. உமிக்குள் கையை விட்டுத் துழாவும்போதெல்லாம் முட்டை குறைந்துகொண்டே வந்தது. அவர் எண்ணவில்லை. எண்ணப் பயம். கடைசியில் உமிதான் கையில் வந்தது.

"போதும், கோக்கி! இங்கே வா!"

துரை எழுந்து கூடாரத்துக்குள் போனார். இராயப்பன் அங்கேயே முழங்காலில் விழுந்தார்.

"தொரை, வேணாம் தொரை! எம் பொஞ்சாதி நெறமாசமா இருக்கா. புள்ள பொறக்கிற மட்டுமாவது காம்பராவுல விட்டு வைங்க சாமி. பத்துச்சீட்டு குடுத்துறாதீங்க!"

துரை வெளியே வந்தபோது கையில் மடித்த வெள்ளைத் துணி. "பத்துச்சீட்டு?" என்று மனைவியைப் பார்த்தார். துரைசாணிக்குத்தான் முதலில் விளங்கியது. "பெட்ஷீட்! ஓ, பெட்ஷீட்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். குளிரில் சாக்கோடு கிடக்கிறாரே என்று இரக்கப்பட்டு அவள் கொடுக்கச் சொன்னது ஒரு படுக்கை விரிப்பு. அதைக் காதில் வாங்கிப் பத்துச்சீட்டு ஆக்க எங்கள் காதால்தான் முடியும். துரையும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். விரிப்பை இராயப்பன் தோளில் போட்டுவிட்டு, முதுகில் தட்டிச் சொன்னார்:

"இன்னிக்கு இல்லே, கோக்கி. இன்னிக்கு இல்லே."

துரை நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். இராயப்பனும் கூடச் சிரித்தார். சிரிக்காமல் எப்படி இருப்பது? பிறகு மரத்துக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தார்.

லயத்துக்குத் திரும்பிய அன்று விரிப்பை இசபெல்லிடம் கொடுத்து, சிரிப்புக் கதையாகவே சொல்லப் பார்த்தார். மண்சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கும் கேட்டது. அவள் சிரிக்கவில்லை.

"இன்னைக்கி இல்லன்னா சொன்னாரு?"

"ஆமா."

"அப்ப என்னைக்கிங்க?"

இவர், "நல்லா கனமா இருக்கு புள்ள. கீழ விரிச்சிப் படு. ஈரம் ஏறாது," என்றார்.

"வேணாங்க. இத அழுக்காக்கக் கூடாது," என்றாள் இசபெல். "அந்த நாளு வந்தா சாமானெல்லாம் மூட்டை கட்ட ஒரு பெரிய துணி வேணும்ல. பேச்சியம்மாக்காகிட்ட அதுகூட இல்லாமப் போச்சே."

பிள்ளைப்பேறு பார்த்தது என் மனைவி அம்மாக்கண்ணு. வலி எடுத்த நேரத்தில், கீழே விரிக்க ஏதாவது துணி கொடு என்று கேட்டிருக்கிறாள். பெட்டிக்கு மேலே அந்த விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்ததாம். இசபெல் பல்லைக் கடித்துக்கொண்டு சாக்கைத்தான் காட்டினாளாம்.