பஸ்ஸின் சக்கரங்கள் உரிந்த திங்கட்கிழமை

அன்று அந்த அங்கன்வாடியில் இருந்தவர்கள்: டீச்சர், சமையல் செய்யும் அக்கா, பதினொரு பிள்ளைகள், பக்கத்து வயல்காரர், நான். பிள்ளைகளில் இரண்டு பேர் வந்ததுமே பாயில் சுருண்டு தூங்கிவிட்டார்கள். வயல்காரர் உள்ளே வரவில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். அவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பயம் வந்தால் சுற்றி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுவது என் பழக்கம். அன்று மூன்று முறை எண்ணினேன்.

மொபெட்டை நிறுத்தி, ஹாண்டில்பாரில் மாட்டியிருந்த டிபன் பாக்ஸ் பையைக் கழற்றும்போதே பார்த்தேன். தூங்காத ஒன்பது பிள்ளைகளும் நான் வரைந்த சுவர் முன்னால் வரிசையாகக் குத்தவைத்திருந்தார்கள். படம் பார்க்கிறார்கள் என்று ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் போனால், உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்பிள்ளை கையகலத்துக்குக் கறுப்புத் தோலாக உரித்ததை என்னிடம் நீட்டி, "மாமா, டயரு" என்றது.

நான் சுவரில் படம் வரைகிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. லாரிகளின் பின்பக்கம், கடைப் பலகை, தண்ணீர்த் தொட்டி என்று எழுதிக் கொண்டிருந்தவனுக்கு ஃபிளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்தது. இப்போது பள்ளிச் சுவர்கள்தான் சோறு போடுகின்றன. வீடு ஆனையூரில். மனைவிக்குக் கப்பலூரில் பிளாஸ்டிக் கம்பெனி வேலை. காலை ஆறே காலுக்கு வேன் வந்துவிடும். அதனால் அடுப்படி என்னுடையது. நாலரைக்கு எழுந்து குழம்பு வைத்து, மூன்று டப்பாவில் கட்டி, மனைவியை அனுப்பி, ஏழாவது படிக்கும் மகளை அனுப்பி, பெயிண்ட் வாளிகளை மொபெட்டில் ஏற்றிக் கிளம்பினால் ஒன்பதரைக்குப் பரவை. அங்கிருந்து மேற்கே இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், வாய்க்கால் ஓரமாகவே. மாலை நாலு மணிக்குள் மகள் வரும்போது வீட்டில் இருக்க வேண்டும். போகும்போது கேஸை அணைத்தேனா என்று பயம். வரும்போது சுவரை மாடு உரசியிருக்குமா என்று பயம். இதற்கு நடுவில்தான் வரைவது. ஆனால் தூரிகை சுவரில் பட்டுவிட்டால் இரண்டு பயமும் இருக்காது. அதற்காகவே இந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில் கப்பலூரில் மனைவியின் கம்பெனியிலேயே பேக்கிங் பகுதிக்கு ஆள் எடுத்தார்கள். மாதச் சம்பளம், வேன், பி.எஃப். "இந்த ஒரு சுவரு முடியட்டும்" என்று அவகாசம் கேட்டிருந்தேன். புதன்கிழமை திட்ட அதிகாரியம்மா பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் அந்த வட்டாரத்தில் மற்ற அங்கன்வாடிகளும் எனக்கு. பிடிக்காவிட்டால் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு அட்டைப்பெட்டி ஒட்டப் போவது என்று எனக்குள் முடிவு.

யானை, சிங்கம் என்று எல்லாச் சுவரிலும் இருக்கிறதே என்று, நான் ஒரு டவுன்பஸ் வரைந்திருந்தேன். இருபதடி நீளம். அந்த ஊரிலிருந்து மதுரைக்குப் போகிற பஸ். ஜன்னலுக்கு ஒரு ஆள்: மல்லிகைக் கூடையோடு ஒரு அம்மா, கோழியைக் கக்கத்தில் இடுக்கிய தாத்தா, தலையை வெளியே நீட்டும் ஒரு வெள்ளாடு. மகளுடைய நோட்டில்தான் முதலில் போட்டுப் பார்த்தேன்.

தப்பு எங்கே நடந்தது என்று எனக்குத் தெரியும். அது பழைய சுண்ணாம்புச் சுவர். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி எடுக்காமல் மேலே பிரைமர் அடித்தால் சுவரைப் பிடிக்காது. முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை மேலிருந்து சுரண்டத் தொடங்கினேன். புதன்கிழமை விடிகாலையில் மகளுக்குக் காய்ச்சல். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. கஞ்சி வைத்து, மாத்திரை கொடுத்து, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தவனுக்கு மத்தியானத்துக்குள் திரும்பும் அவசரம். கீழே இரண்டடி மிச்சம் இருந்தது. அதை அப்படியே விட்டு, மேலோடு மேலாகப் பிரைமரை இழுத்துவிட்டேன். சனிக்கிழமைக்குள் சக்கரம், ரோடு, வாய்க்கால் எல்லாம் வரைந்தாகிவிட்டது. ஞாயிறு வெயிலில் காய்ந்து, கல்லை விட்டு எழும்பும் தோசைபோல ஓரம் தூக்கியிருக்கிறது. பிள்ளைகளின் உயரமும் அந்த இரண்டடிதான்.

டீச்சரிடம் ஒரு நாள் அவகாசம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டீச்சர் என்ற சொல்லைக் கேட்டாலே இன்றும் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றும். படிப்பை விட்டவனிடம் எந்த டீச்சரும் காரணம் கேட்பார் என்று ஒரு நடுக்கம்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வயல்காரர் மெதுவாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, இங்கிட்டு வாங்க. எங்க வீட்டுச் சுவரும் இப்படித்தான் பொரிஞ்சு கெடக்கு. வாய்க்கா ஈரம் சுவத்துல ஏறுது, ஓதம். ஓதம்னு சொல்லிருங்க, யாரு கேக்கப்போறா?"

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கும் அது வாய்வரை வந்தது. அதற்குள் டீச்சர் வெளியே வந்துவிட்டார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சுரண்டுனியா தம்பி?"

"மேல சுரண்டுனேன் டீச்சர்."

"நான் கீழ கேட்டேன்."

"இல்ல டீச்சர். மகளுக்குக் காய்ச்சல். சீக்கிரம் போகணும்னு விட்டுட்டேன். ஓதம் இல்ல. என் தப்புதான்."

வயல்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"காய்ச்சல்னு அன்னைக்கே சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?" என்றார் டீச்சர். "அதிகாரியம்மாகிட்ட, இவருதான் போடணும், வேற ஆளு வேணாம்னு சொன்னது நான். இப்ப என்ன செய்யணும்? அதைச் சொல்லு."

"கீழ மொத்தத்தையும் எடுத்துட்டு, கழுவி, காயவிட்டு, மறுபடி அடிக்கணும். பெயிண்டு இல்ல. என்கிட்டக் காசும்..."

"என்னென்ன வேணும்னு எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். எழுத்து சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். அவர் பார்க்கக்கூட இல்லை, கைப்பையில் வைத்துக்கொண்டார். தூசி பறக்கும் என்று பிள்ளைகளை உள்ளே கூட்டிப்போனார். உரிக்கும் சுகம் போன கோபத்தில் இரண்டு பேர் அழுதார்கள். வயல்காரர் வீட்டுக்குப் போய் இரண்டு களைக்கொத்திகளோடு வந்தார். அன்றுதான் தெரிந்தது, சுண்ணாம்பு சுரண்டக் களைக்கொத்தியைப்போல் ஒரு சாமான் கிடையாது.

"ஓதம்னு சொல்லியிருந்தா இந்நேரம் டீ குடிச்சுட்டிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே என்னோடு சேர்ந்து சுரண்டினார்.

மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்தபிறகு சமையல் அக்கா வந்து எட்டிப்பார்த்தார். என் டப்பா திறக்காமலே கிடந்தது. சுரண்டும் அவசரத்தில் நான் அதைத் தொடவில்லை. வெளியில் எங்கும் வாங்கிச் சாப்பிடவும் மாட்டேன், வயிற்றுக்கு ஆகுமோ ஆகாதோ என்று. அக்காவே மூடியைத் திறந்தார். எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல். ஒரு வாய் எடுத்துப் போட்டார்.

"யாரு செஞ்சது?"

"நான்தான்க்கா."

"உப்பு கூட. பயந்துக்கிட்டே ரெண்டு தடவ போட்டியா?"

வயல்காரர் சிரித்ததில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்குச்சட்டியைத் திறந்தார். கம்மங்கூழும் சுட்ட மிளகாய் வத்தலும். மூன்று பேரும் மாற்றிமாற்றிச் சாப்பிட்டோம். பிறர் வீட்டுச் சாப்பாட்டை யோசிக்காமல் நான் சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆகியிருந்தது என்று நினைவில்லை. வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் மனைவி போன் செய்தாள். டீ இடைவேளையில் பத்து நிமிஷம் போன் பேச விடுவார்கள்.

"என்னங்க, குரலு ஒரு மாதிரி இருக்கு? பாப்பாவுக்கு மறுபடியும் சுடுதா?"

"அவ நல்லாத்தான் ஸ்கூலுக்குப் போனா. சுவரு உரிஞ்சிருச்சு."

"எம்புட்டு?"

"கீழ ரெண்டடி. மொத்த நீளத்துக்கும்."

அந்தப் பக்கம் அவள் உச்சுக்கொட்டுவது கேட்டது.

"அந்தப் பேக்கிங் வேலை இன்னும் இருக்கா? இருந்தா நான் வாரேன்னு சொல்லிரு" என்றேன்.

"அதை அப்பவே வேணாம்னு சொல்லிட்டேன்."

"எப்ப?"

"நீங்க பாப்பா நோட்டுல அந்த பஸ்ஸ வரைஞ்சு காமிச்சீங்கல்ல, அதுக்கு மறுநாளு."

"என்கிட்டச் சொல்லவே இல்ல?"

"சொன்னா அதுக்கு ஒரு வாரம் தூங்காம கெடப்பீங்க. இன்னைக்கு ஓ.டி. வேணாம்னுட்டு நான் நாலு மணிக்கு வீட்டுக்குப் போயிர்றேன். நீங்க இருந்து முடிச்சுட்டு வாங்க. பெல்லு அடிச்சுட்டாங்க, வைக்கிறேன்."

எனக்கு நியாயமாகப் பயம் வந்திருக்க வேண்டும். திரும்பிப் போக வேறு வேலை இல்லை, கையில் இருப்பது பாதி உரிந்த ஒரு பஸ் மட்டும். ஆனால் அது வரவில்லை, களைக்கொத்தியை எடுத்து விட்ட இடத்திலிருந்து சுரண்டத் தொடங்கினேன். அவள் என்னைக் கேட்காமல் எடுத்த முடிவுகளில் இதற்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். அவளிடம் இதைச் சொன்னதில்லை, இங்கே எழுதுகிறேன்.

சாயங்காலத்துக்குள் சுரண்டி, கழுவியாயிற்று. அங்கன்வாடியைப் பூட்டிவிட்டு டீச்சர் பஸ் பிடித்துப் பரவைக்குப் போய், பிரைமரும் பெயிண்டும் வாங்கி வந்து, ஆட்டோவிலிருந்து இறக்கினார். செவ்வாய்க்கிழமை காலை பிரைமர், வெயில் ஏற ஏறக் காய்ந்தது. மாலையில் ரோட்டையும் வாய்க்காலையும் முடித்தேன். அன்றும் மனைவிதான் நாலு மணிக்கு வீட்டில்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அதிகாரியம்மா ஜீப்பில் வந்து இறங்கியபோது முன்சக்கரம் முடிந்திருந்தது. பின்சக்கரம் சாக்பீஸ் வட்டமாக நின்றது. அவர் சுவர் நெடுக நடந்தார். நான் எண்ணத் தொடங்கினேன்.

"பின்னாடி டயர் எங்க?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன், சுரண்டாமல் அடித்ததையும், உரிந்ததையும், இரண்டு நாளாக நடந்ததையும். அவர் குனிந்து, முன்சக்கரத்தின் ஓரத்தை நகத்தால் அழுத்தி இழுத்துப் பார்த்தார். வரவில்லை. இன்னும் இரண்டு இடத்தில் இழுத்துப் பார்த்தார்.

"இந்த ஆடு எங்க ஏறுச்சு?" என்று ஒரு பையனிடம் கேட்டார்.

"எங்க வீட்டுல" என்றான் அவன்.

சிரித்தார். கிளம்பும்போது டீச்சரிடம், "இன்னும் ரெண்டு சென்டர் குடுத்துப் பாக்கலாம். முழுசாச் சுரண்டிட்டுப் பெயிண்டைத் தொடச் சொல்லுங்க" என்றார்.

அந்த இரண்டும் முடிந்து, மேலும் கிடைத்து, இப்போது ஐந்தாவது சுவரில் இருக்கிறேன். வேலைக்கு ஒப்புக்கொள்ளும்போதே, நாலு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும், பிள்ளைக்கு முடியவில்லை என்றால் வர மாட்டேன், ஒரு நாள் தள்ளித்தான் முடியும் என்று சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது குரல் இறங்கிவிடுகிறது. யாரும் இதுவரை ஏன் என்று கேட்டதில்லை. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கேஸை இன்றும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

டீச்சர் அன்று தன் காசில் வாங்கிய பெயிண்டும் ஆட்டோவும் சேர்த்து ஆயிரத்து எண்ணூற்று எழுபது ரூபாய். சுவருக்கான கூலி ஊராட்சியிலிருந்து எனக்குத் துண்டுதுண்டாகத்தான் வந்தது. வந்தபோதெல்லாம் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொள்கிறார், நான்தான் அவருக்கும் சேர்த்து எண்ணுகிறேன். இதுவரை ஆயிரத்து இருநூறு கொடுத்திருக்கிறேன். பாக்கி அறுநூற்று எழுபது ரூபாய்.