இரண்டு கோர்ட்டுக்கு நடுவில் ஓர் அபராதம்

“‘தப்பு என்னுது’ங்கிற வார்த்தை என் வாயிலேருந்து வர்ற அன்னைக்கு, இந்தக் கார் ஆளே இல்லாம தானா கிளம்பிப் போய் ஷெட்ல நிக்கும்.”

கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றின் உரிமையாளரும் அதன் ஒரே ஆசிரியருமான பிரேக் வாத்தியார், புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் முன்னிலையில் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டார். மாணவர்கள் பயபக்தியுடன் தலையாட்டினார்கள். மேஜைக்குப் பின்னால் ரசீது கிழித்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி மட்டும் நிமிர்ந்து, வாசலில் நின்ற காரை ஒரு கணம் பார்த்துவிட்டு, மறுபடியும் ரசீதில் இறங்கினார்.

பயிற்சிக் காரில் பிரேக் இரண்டு. ஓட்டுபவர் காலடியில் ஒன்று, பக்கத்து சீட்டில் உட்காரும் வாத்தியார் காலடியில் ஒன்று. அந்த இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்தே அவருக்கு இந்தப் பெயர் வந்தது. பழக்கம் வண்டியோடு நிற்கவில்லை. வீட்டில் சாப்பிடும்போது மனைவியின் பேச்சு வேகமெடுத்தால் மேஜைக்கடியில் அவருடைய வலது கால் தானாக அழுந்தும். அதனால் பேச்சு நின்றதாக இதுவரை தகவல் இல்லை.

உலகத்தில் நடக்கும் எல்லாத் தவறுகளுக்கும் வேறு யாரோ ஒருவர் காரணம் என்பது வாத்தியாரின் நீண்டகால ஆராய்ச்சி முடிவு. நிலைப்படியில் கால் விரல் இடித்தால் தச்சனின் அளவு தப்பு. சட்டையில் டீ கொட்டினால் கோப்பை செய்தவனுக்குக் கைப்பிடி வைக்கத் தெரியவில்லை. கல்யாண நாள் மறந்து போனால், அதை வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் வைத்த காலண்டர்காரனைத்தான் கேட்க வேண்டும்.

இப்படிப்பட்டவரின் பெயரில் ஓர் அபராதம் நிலுவையில் இருப்பதாக உரிமம் புதுப்பிக்கும் அலுவலகம் தெரிவித்தது. கற்றுக்கொடுக்கும் உரிமம் மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் அபராதத்தைக் கட்டிய சான்றைக் கொண்டுவந்தால் புதுப்பிப்பார்கள். இல்லாவிட்டால் பள்ளியை மூடிவிட்டு, ஆரம்பத்திலிருந்து பரீட்சை எழுதி, வேறொரு வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கில் கால் வைத்திருக்க, வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டபோதுதான் வாத்தியாருக்கு வியர்த்தது.

“எங்க கட்டணும்?” என்று அவர் கேட்டார்.

“எந்தக் கோர்ட்ல இருக்கோ அங்க.”

“எந்தக் கோர்ட்ல இருக்கு?”

“அது உங்களுக்குத்தானே தெரியும். சீட்டு உங்க கையிலதானே குடுத்திருப்பாங்க.”

சீட்டு அவர் கையில்தான் கொடுக்கப்பட்டிருந்தது. அன்றே அதைக் கசக்கி, முன் கண்ணாடியில் படிந்த பறவை எச்சத்தைத் துடைத்து எறிந்திருந்தார். கொள்கை ரீதியான எதிர்ப்பு.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்ல வேண்டியதாயிற்று. நடந்ததை அவர் சொன்ன விதம் இது. மழைக்காலத்தில் ஒரு நாள், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி முக்கில் சிவப்பு விளக்கு விழுந்தது. நர்ஸ் நிற்காமல் போய்விட்டாள். போலீஸ்காரர் விசில் ஊதினார். பழகுபவர் செய்யும் பிழைக்குப் பக்கத்து சீட் வாத்தியார்தான் பொறுப்பு என்று ஒரு கேடுகெட்ட சட்டம் இருப்பதால், சீட்டை இவர் பெயரில் எழுதிவிட்டார்கள். விளக்கு சிவப்பான நேரத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அவருடைய வாக்குமூலத்தில் இடம்பெறவில்லை.

“அதனாலதான் அந்தப் பொண்ணு வகுப்புக்கு வர்றதை நிறுத்திட்டாளா?” என்றார் மனைவி. “நான் போன் பண்ணினேன். ‘எனக்கு இதெல்லாம் வராதுக்கா, என்னால சாருக்கு அவமானமாப் போச்சு’ன்னா. நான் வேற என்னமோன்னு நினைச்சேன்.”

வாத்தியாரின் வலது கால் அழுந்தியது.

மனைவியின் தம்பி செல்போன் கடை வைத்திருப்பவன். ஆகவே குடும்பத்தின் விஞ்ஞானி. வந்து உட்கார்ந்து, அபராதம் தேடும் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தான், உரிம எண்ணைப் போட்டுப் பார்த்தான், கடைசியில் பெயரையே போட்டுப் பார்த்தான். ‘பதிவு எதுவும் இல்லை’ என்று மூன்று தடவையும் மரியாதையாக வந்தது.

“மாமா, இது சொல்றதப் பாத்தா நீங்க உத்தமர்.”

“அதைத்தான்டா நானும் சொல்றேன்.”

“ஆனா அந்த ஆபீஸ் கம்ப்யூட்டர் உங்களக் குற்றவாளிங்குது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. எனக்கென்னமோ இது பொய் சொல்ற மாதிரி இருக்கு.”

மறுநாள் கணவனும் மனைவியும் ஆஸ்பத்திரி முக்கு எந்தக் கோர்ட்டின் எல்லையோ அந்தக் கோர்ட்டுக்குப் போனார்கள். போக்குவரத்து வழக்குகளுக்கென்று பின்பக்கத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு உள்ளே ஒரு மின்விசிறியும் அதற்குக் கீழே ஒரு எழுத்தரும் இருந்தார்கள். இருவரும் ஒரே வேகத்தில் வேலை செய்தார்கள். வண்டி எண்ணைக் கேட்டுத் தட்டிப் பார்த்த எழுத்தர், இங்கே அப்படி ஒன்றும் இல்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கக் கோர்ட்டில் கேளுங்கள் என்றார். அங்கே ஏன் போக வேண்டும், சம்பவம் நடந்தது இந்தப் பக்கம்தானே என்று வாத்தியார் வாதாடினார். எழுத்தர் மறுக்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கக் கோர்ட்டில் ஜன்னல் இல்லை, கதவே இருந்தது. அது பூட்டியிருந்தது. மதியத்துக்கு மேல் அதைத் திறந்த எழுத்தர் அம்மாள் பொறுமையாகத் தேடிவிட்டு, ஞாபகம் வந்தவராகக் கேட்டார்.

“டயர் கடை எதிர்ல சிவப்பு விளக்கைத் தாண்டினதா ஒரு கேஸ் வந்துச்சே, அதுவா?”

“டயர் கடை எதிர்ல சிக்னலே கிடையாதேம்மா” என்றார் வாத்தியார்.

“அதைத்தான் நாங்களும் எழுதித் திருப்பி அனுப்பிட்டோம்.”

இங்கேதான் வாத்தியாரின் தொழில் நேர்மை குறுக்கே வந்தது. விசில் கேட்டதும் சாதாரண மனிதன் என்ன செய்வான்? பதறிப்போய் நடுரோட்டில் நிற்பான். பிரேக் வாத்தியார் அப்படிப்பட்டவரல்ல. வண்டியை எப்படி நிறுத்த வேண்டும் என்று காலம் காலமாகப் பாடம் நடத்துபவர். கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார். இண்டிகேட்டர் போடச் சொன்னார். வளைவில் நிறுத்தக் கூடாது என்றார், பாலத்தின் மேல் நிறுத்தவே கூடாது என்றார். இப்படியே பாலத்தைக் கடந்து, அக்கரையில் டயர் கடைக்கு எதிரே, ஓரத்தோடு ஓரமாக, பாடப்புத்தகத்தில் போட்ட படம் போல வண்டியை நிறுத்த வைத்தார். பின்னாலேயே ஓடி வந்த போலீஸ்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே, தான் நின்ற இடத்தையே சம்பவ இடமாக எழுதிவிட்டார். அந்த மூச்சிரைப்புக்கு யார் காரணம் என்பதை வாத்தியார் இதுவரை யோசித்ததில்லை.

ஆகவே அக்கரைக் கோர்ட், எங்கள் டயர் கடையில் சிக்னல் இல்லை என்று இக்கரைக்கு அனுப்பியது. இக்கரைக் கோர்ட், டயர் கடை எங்கள் எல்லையில் இல்லை என்று அக்கரைக்கு அனுப்பியது. இரண்டும் சட்டப்படி சரி. யாரும் பதிவு செய்யாததால் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. போலீஸ் நிலையம் மட்டும் தன் பங்குக்கு உரிம அலுவலகத்துக்கு ஒரு வரி தட்டிவிட்டு நிம்மதியாக இருந்தது.

“அப்ப போலீஸ் கோர்ட்டுக்கு அனுப்பின சீட்டு நகல் இப்ப எங்க?” என்று மனைவி கேட்டார்.

அம்மாள் உதட்டைப் பிதுக்கினார். வாத்தியார் நீதித்துறையின் சீரழிவு பற்றி ஒரு முன்னுரை ஆரம்பித்தார். மனைவி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், இரண்டு கோர்ட்டுக்கும் நடுவில் காகிதங்களை யார் கொண்டுபோகிறார் என்று கேட்டார். அது ஒரு பியூன். சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் நிழலில் இருப்பார்.

இருந்தார். ஸ்கூட்டரின் மேல் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தோளில் காக்கிப் பை.

“டயர் கடையா?” என்று அவர் முகம் மலர்ந்தது. “அந்தக் கேஸ் உங்களதா சார்? வாங்க, வாங்க. உங்களப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை.” பைக்குள் கைவிட்டு நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார். அதன் முதுகு முழுக்க இரண்டு கோர்ட்டின் முத்திரைகளும் மாறி மாறி விழுந்திருந்தன. “மழை விட்டதுலேருந்து நானும் இதும் ஒண்ணாத்தான் பாலம் தாண்டுறோம். வெயில்ல, காத்துல. சொந்தக்காரன்கூட இவ்வளவு தூரம் கூட வர மாட்டான்.”

இதை எங்கேயாவது கொடுத்துப் பதிவு செய்துவிடக் கூடாதா என்று மனைவி கேட்டதற்கு அவர் உள்ளதைச் சொன்னார். வெறும் காகிதமாகப் போனால் திருப்பித்தான் அனுப்புவார்கள். கூடவே ஆளும் போய், இது என்னுடையதுதான் என்று நின்றால், எடுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். இதுவரை எந்த ஆளும் அப்படி வந்து நின்று அவர் பார்த்ததில்லை. இன்றைக்கு இக்கரையில் நீதிபதி அம்மா மாலைவரை உட்காருவார்.

பியூன் ஸ்கூட்டரில் முன்னால் போக, பயிற்சிக் கார் பின்னால் போனது. மனைவிதான் ஓட்டினார். வாத்தியார் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டார். நர்ஸின் அவசர புத்தி, போலீஸ்காரரின் பூகோள அறிவு, பழகுபவர் பிழைக்கு வாத்தியாரைப் பிடிக்கும் சட்டத்தின் அநியாயம் என்று வாதங்கள் வரிசைகட்டி நின்றன. கோர்ட்டே எழுந்து நின்று கைதட்டும் என்று அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும்.

நீதிபதி ஒல்லியான அம்மாள். ஜலதோஷம் பிடித்திருந்தது. அவருக்கு முன்னால் ஹெல்மெட் போடாதவர்களும் நடைபாதையில் வண்டி நிறுத்தியவர்களும் கைகட்டி நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் செலவழித்தது ஒரு தும்மல் நேரம். வாத்தியாரின் முறை வந்ததும் காகிதத்தின் முதுகைத் திருப்பி வெகுநேரம் படித்தார்.

“வண்டிய யாரு ஓட்டினது?”

“ஒரு நர்ஸுங்கம்மா. அவங்கதான் நிக்காம...”

“அப்ப தப்பு அவங்களதுன்னு சொல்றீங்க. சரி. அவங்களக் கூப்பிட்டு விசாரிக்கணும்.” எழுத்தர் பக்கம் திரும்பினார். அடுத்த மாத நடுவில் ஒரு தேதி இருப்பதாக எழுத்தர் சொன்னார். அதுவரை அபராதம் நிலுவையில்தான் இருக்கும். உரிமம் இந்த மாதக் கடைசியோடு முடியும் என்பது கோர்ட்டுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

பின் பெஞ்சில் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாத்தியார் தன் வலது காலைத் தேடினார். மிதிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டார். “ஒண்ணு மட்டும் கேக்கறேன். உங்க காலடியிலயும் ஒரு பிரேக் இருக்குல்ல? சிவப்பு விழுந்தப்ப நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

இந்தக் கேள்வியை மழைக்காலத்திலிருந்து யாரும் கேட்கவில்லை. போலீஸ்காரர் கேட்கவில்லை. மனைவி கேட்டிருப்பார், வாத்தியார் அதற்கு வழி விடவில்லை. அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்ட அந்த நர்ஸுக்கு இதைக் கேட்கத் தோன்றவே இல்லை.

“பின்னாடி திரும்பிட்டு இருந்தேன்மா” என்றார் வாத்தியார்.

“எதுக்கு?”

“பாடம் எடுத்துட்டு இருந்தேன். பின்னாடி ஒருத்தன் போன முக்குல நிக்காம வந்தான். அவனக் கையக் காட்டி... சிவப்பு விளக்குல நிக்காதவங்களால நாடு எப்படிக் கெட்டுப்போகுதுன்னு.”

“அந்தப் பொண்ணு?”

“பாடத்தக் கவனிச்சிட்டு இருந்தா. நான் கவனிக்கச் சொன்னேன்.”

கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை. நீதிபதிக்குத் தும்மல் வருவது போல வந்து நின்றுவிட்டது. கைக்குட்டையைக் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார்.

“அப்ப என்னன்னு எழுதிக்கறது?” என்று எழுத்தர் கேட்டார்.

வாத்தியார் ஏதோ சொன்னார். எழுத்தரின் விரல்கள் நகரவில்லை.

“சார், காதுல விழல. இன்னொரு தடவை.”

“தப்பு என்னுதுங்க” என்றார் வாத்தியார். இந்தத் தடவை கொஞ்சம் சுலபமாக வந்தது.